தானாய் விளைந்தவை: உப்பு, கள், காளான்

1

2025 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘மாயக்காளான்’ என்று சொல்லப்படும் மேஜிக் மஷ்ரூம், போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இல்லை என்று கூறி ஒருவருக்கு ஜாமீன் கொடுத்திருந்தார்கள். மரக்காணத்தில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா நாற்பது வருஷத்துக்கு மேல் உப்பளத்தில் கூலிக்கு நின்றவர். மழை ஓய்ந்து பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கும் மாதம் அது. காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

“இன்னாடா, காளானுக்குக்கூடவா கேசு?”

“எல்லாக் காளானுக்கும் இல்ல பெரிம்மா. சாணியில மொளைக்கிற ஒரு வகை. தின்னா மனசு ஒரு மாதிரி ஆயிடும். கொடைக்கானல் பக்கம் வித்துப் புடிபடறாங்க.”

“தானா மொளைக்குதா, எவனாச்சும் வெதைக்கிறானா?”

“காட்டுல தானாத்தான் மொளைக்குது.”

“அப்ப இது உப்புக் கதைதான்” என்றார்.

அவருடைய ஆயா சொன்ன கதை அது. வெயில் நாளில் கழுவெளி ஓரத்துப் பள்ளங்களில் தண்ணீர் வற்றி உப்பு தானாகவே வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்குமாம். அதைச் சுரண்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தால் உப்புச் சேவகன் பிடித்துக்கொள்வானாம். சில வேளை ஆள் வைத்து அந்த உப்பை மண்ணோடு மிதித்துக் கலக்கிவிடுவார்களாம். “நம்ம காலடியில பூத்தத நாம எடுத்தா திருட்டு. அவன் மண்ணுல போட்டு மிதிச்சா சர்க்காரு.”

காளானைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்ற பேச்சு மேலை நாடுகளில் சில ஆண்டுகளாகப் பலமாக இருக்கிறது. நம் நண்பர்கள் பலருக்கு இது வயிறு நிறைந்தவர்களின் விவகாரமாகப் படுகிறது. கூலி, நிலம், சாதி என்று பேச ஆயிரம் இருக்கும்போது இது எதற்கு என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பெரியம்மா போட்ட முடிச்சை அவிழ்த்துப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. ஒரு பொருள் குற்றமாவதும் குற்றத்திலிருந்து விடுபடுவதும் எப்படி நடக்கிறது, விடுபட்ட பிறகு அது யார் கைக்குப் போகிறது என்ற கேள்விக்கு இந்தக் கரையிலேயே இருநூறு வருஷத்துச் சான்று கிடக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. விளைவித்தவர் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும், அது சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். கம்பெனி போய் ராணியின் ஆட்சி வந்தபிறகு ஏகபோகத்தோடு வரியும் கணக்குப் புத்தகமும் காவலும் இறுகின. 1882இல் இந்திய உப்புச் சட்டம், 1889இல் சென்னை உப்புச் சட்டம்.

இந்தச் சட்டங்களில் நாம் கவனிக்க வேண்டியது அவற்றின் மொழி. 1882 சட்டம் ‘உற்பத்தி’ என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது, தரையில் இயற்கையாகப் பூத்த உப்பை அள்ளி எடுப்பதையும் அதற்குள் சேர்த்துக்கொண்டது. குனிந்து பொறுக்கிய பெண் இப்படி ஒரே சொல்லில் ‘உற்பத்தியாளர்’ ஆகிவிட்டாள். உரிமம் இல்லாத உற்பத்தியாளர், ஆகவே குற்றவாளி. அதிகாரம் ‘கூடாது’ என்று தடுப்பதோடு நிற்பதில்லை, பெயரிட்டு, அளந்து, வகைபிரித்து மனிதர்களையே புதிதாக உண்டாக்குகிறது என்று பூக்கோ எழுதியதை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதற்கு உதாரணம் தேடிப் பாரிஸ் சிறைக்குப் போக வேண்டியதில்லை. கழுவெளி ஓரம் போதும்.

இன்னொரு சங்கதி. சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் உப்பையும் சாராயத்தையும் கவனித்தது ஒரே இலாகா: உப்பு–ஆப்காரி இலாகா. பனைமரத்தடியில் நின்று கள்ளைச் சோதித்த அதே சேவகன்தான் அளத்து வரப்பில் நின்று மடியைச் சோதித்தான். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்: சர்க்காருக்குக் கட்டாமல் சனங்கள் தாங்களாகவே எடுத்துக்கொள்கிற பொருள்.

1930 ஏப்ரல் 6இல் தண்டியில் காந்தி உப்பை அள்ளினார். ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்ட ராஜாஜி, 30ஆம் தேதி வேதாரண்யத்தில் அள்ளிக் கைதானார். பள்ளிப் பாடம் இதோடு முடிகிறது. அடுத்த வருஷம் என்ன ஆயிற்று என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. 1931 மார்ச் 5இல் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம் உப்புச் சட்டத்தை நீக்கவில்லை. உப்பு கிடைக்கும் இடத்தை ஒட்டிய கிராமத்தார் தங்கள் வீட்டுத் தேவைக்கு உப்பு அள்ளலாம், காய்ச்சலாம், கிராமத்துக்குள் விற்றுக்கொள்ளலாம் என்றது. வெளியூரில் விற்கக் கூடாது, வெளியாரோடு வியாபாரம் செய்யக் கூடாது. அவ்வளவுதான் விடுதலை.

இன்று ‘குற்றநீக்கம்’ என்ற சொல்லுக்கு உலகம் கொடுத்திருக்கும் பொருளும் ஏறக்குறைய இதுவே. வாய்க்கு அனுமதி, சந்தைக்கு அனுமதி இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநில மக்கள் 2022 நவம்பரில் வாக்களித்து நிறைவேற்றிய காளான் சட்டத்தைப் பாருங்கள். 21 வயது நிரம்பியவர் வைத்திருக்கலாம், வளர்க்கலாம், காசு வாங்காமல் பகிரலாம், விற்கக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதற்கு உரிமம் பெற்ற நிலையங்கள் தனி. 91 வருஷ இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு ஏடுகளிலும் கோடு ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

3

கள்ளின் கதை இன்னும் சிக்கலானது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். கடல் ஒதுக்கிய அகில் கட்டையை விறகாக எரித்து நுளையர் பெண் வடித்த தேறலைப் பரதவர் வழிவந்த பாணர்களுக்குக் கொடுத்து விருந்தோம்பும் காட்சி அதில் உண்டு. வடித்தவள் பெண். கொடுத்தது விருந்து. அதில் எங்கேயும் குற்றம் இல்லை, கூச்சமும் இல்லை.

வேதாரண்யத்தில் உப்புச் சட்டத்தை மீறிய ராஜாஜி 1937இல் முதலமைச்சரானதும் அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948இல் அது மாகாணம் முழுதும் பரவியது. மரமேறிகள் ஒரே இரவில் குற்றப்பரம்பரை போலக் கண்காணிக்கப்படும் கூட்டமானார்கள். இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. உப்பை விடுவிக்கச் சிறை போனவருக்குக் கள்ளை விடுவிக்கத் தோன்றாதது ஏன்? மதுவிலக்குக்குப் பின்னால் குடியால் அழிந்த குடும்பங்கள் மேல் உண்மையான அக்கறை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அதோடு சேர்ந்து சாதியும் இருந்தது. ரிக்வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் முழுவதும் சோமத்தைப் பாடுகிறது. அந்தச் சோமம் ஒருவகைக் காளான்தான் என்று கார்டன் வாசன் என்ற அமெரிக்கர் 1968இல் புத்தகமே எழுதினார். அது சரியா தவறா என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை தீரவில்லை. ஆனால் மேலோர் அருந்தியது ‘தெய்வ பானம்’ என்றும், மரமேறி இறக்கியது ‘இழிவு’ என்றும் ஆனதில் சண்டையே இல்லை.

பிறகு திறப்பதும் மூடுவதுமாக ஆட்சிகள் மாறின. 1971இல் திறப்பு, சில வருஷத்தில் மூடல், 1981இல் மறுபடி திறப்பு. 1983இல் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003 நவம்பரில் சீமைச்சரக்கின் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் ஏகபோகமாயிற்று. 1805இல் உப்புக்கு நடந்தது 2003இல் பிராந்திக்கு நடந்தது. 2023–24இல் அந்த வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பனையிலிருந்து இறக்கிய கள் இன்றும் குற்றம்; ஆலையிலிருந்து வந்த பாட்டில் அரசு வியாபாரம். இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை. அங்கே கள்ளுக்கடையும் சாராயக்கடையும் உரிமத்தோடு இருக்கின்றன. சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் சரக்கு, இந்தப் பக்கம் சான்றுப்பொருள்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து ஆட்கள் செத்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்துச் சாவுகளையும் சேர்த்தால் 20 பேருக்கு மேல். மெத்தனால் ஆலைக்கான கரைப்பான். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. முதலில் கண் நரம்பு போகும், பிறகு உயிர். ஆஸ்பத்திரியில் அதற்குக் கொடுக்கும் மாற்றுமருந்துகளில் ஒன்று எத்தனால், அதாவது சாதாரண சாராயத்தில் இருக்கும் அதே பொருள். ஒரு வருஷம் கழித்து 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த மாதமே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள்.

குப்பத்துக்குத் துக்கம் கேட்கப் போய்வந்த பெரியம்மா அன்றைக்கு ஒன்றுதான் சொன்னார்: “எல்லாத்தையும் இழுத்து மூடு. கள்ளு, பிராந்தி, எல்லாம்.” 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் சாராயக்கடையை மூடவைத்த பெண்கள் சொன்னதும் இதுதான். தடையே விஷத்தை உண்டாக்குகிறது என்று நான் வாதாடலாம். தாலியறுத்து உட்கார்ந்திருப்பவளிடம் அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு போக எனக்கு வாய் வரவில்லை. குற்றநீக்கம் பேசுகிற எவரும் அந்த வாசலைக் கடந்துதான் பேச வேண்டும்.

4

இப்போது காளானுக்கு வருவோம். மெக்சிகோவின் ஹவாவுத்லா என்ற மலையூரில் மசதெக் இனத்து வைத்தியப் பெண்கள் நோய் அறியவும் தீர்க்கவும் காளானை இரவுச் சடங்கில் உண்டு வந்தார்கள். ஸ்பானியத் திருச்சபை அதைச் சாத்தானின் வேலை என்றதால் நூற்றாண்டுகள் மறைவில் நடந்தது. 1955இல் மரியா சபினா என்ற வைத்தியச்சி, மேலே சொன்ன வாசனைத் தன் சடங்கில் உட்கார அனுமதித்தார். 1957இல் அவர் அதை ‘லைஃப்’ பத்திரிகையில் எழுதினார். அடுத்த வருஷம் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனியில் ஆல்பர்ட் ஹாஃப்மன் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். ஊருக்குள் வெளிநாட்டார் கூட்டம் குவிந்தது, பின்னாலேயே போலீஸ் வந்தது. சபினாவின் வீடு எரிக்கப்பட்டது. 1971இல் ஐ.நா. ஒப்பந்தம் சைலோசைபினை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. 1985 நவம்பரில் சபினா வறுமையில் செத்தார். அதே மாதம் 14ஆம் தேதிதான் நம் நாட்டில் போதைப்பொருள் சட்டம் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபினும் சைலோசினும் இருக்கின்றன. காளான் என்ற சொல் இல்லை. சாணத்தில் முளைத்ததைப் பறித்தவன் சைலோசைபினை ‘வைத்திருந்தவன்’ ஆகிறானா? கேரள வழக்கின் முடிச்சு அதுதான். பிடிபட்டது 226 கிராம் காளானும் 50 கிராம் காளான் குளிகைகளும். சைலோசைபினுக்கு 50 கிராம் என்பது ‘வணிக அளவு’. அதற்கு மேல் போனால் 10 முதல் 20 வருஷம் வரை சிறை, ஜாமீன் கிடைப்பதும் அரிது. கலவை என்றால் அதன் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020இல் சொல்லியிருந்தது. அரசுத் தரப்புக்குக் காளானின் மொத்த எடையும் போதையின் எடை. நீதிமன்றம் வேறுமாதிரி பார்த்தது: காளான் என்பது கலவை இல்லை, இயற்கையாய் விளைந்த பூஞ்சை, அதற்குள் இருக்கும் சைலோசைபின் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். கர்நாடக, சென்னை உயர்நீதிமன்றங்களின் முந்தைய முடிவுகளையும் துணைக்கு எடுத்துக்கொண்டது. இது ஒரு ஜாமீன் உத்தரவு. சட்டம் மாறவில்லை, பிரித்தெடுத்த சரக்கு இன்னும் குற்றம்தான், வேறொரு நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லவும் கூடும்.

ஆனாலும் இந்த வாதத்தை 1882 சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அன்றைக்கு ‘அள்ளுதல்’ என்பதை ‘உற்பத்தி’ என்று மொழிபெயர்த்தார்கள். இன்றைக்கு ‘காளான்’ என்பதைக் ‘கலவை’ என்று மொழிபெயர்க்கப் பார்த்தார்கள். தானாய் விளைந்ததை ஆலையில் செய்ததாகப் பெயர் மாற்றினால்தான் வழக்கு நிற்கும். கேரளத்து நீதிபதி அந்த மொழிபெயர்ப்பைத்தான் மறுத்தார்.

5

இதற்குள் மேலை நாடுகளில் என்ன நடந்தது? 2019 மே மாதம் டென்வர் நகரத்து வாக்காளர்கள் காளான் வழக்குகளைப் போலீஸின் கடைசி வேலையாக்கினார்கள். 2020இல் ஆரகன் மாநிலம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று, உரிமம் பெற்ற நிலையத்தில் பயிற்சி பெற்றவர் முன்னால் காளானை உண்ணலாம் என்பது. இன்னொன்று, சிறு அளவு போதைப்பொருள் வைத்திருப்பதற்குச் சிறை இல்லை என்பது. இரண்டாவதை 2024இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தெருவில் கிடந்தவர்களுக்குப் பயன்பட்ட சட்டம் அதுதான். முதலாவது நிற்கிறது, அங்கே ஒரு அமர்வுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர், எந்த மருந்துக்கும் மசியாத மனச்சோர்வுக்குச் சைலோசைபின் எழுதித் தரலாம். காம்பஸ் பாத்வேஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி சைலோசைபினின் ஒரு படிக வடிவத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறது.

வேறு எதற்கும் தீராத மனச்சோர்வுக்காரர் சிலருக்கு இதனால் குணம் தெரிகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. சிலருக்கு, முக்கியமாக மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் அந்த நோய் குடும்பத்தில் உள்ளவர்களுக்கும், இது ஆபத்து. காளான் பொறுக்கத் தெரியாதவன் விஷக்காளானைத் தின்று சாகவும் கூடும். ஆகவே யாரும் எதையும் தின்னலாம் என்று நான் வாதாட வரவில்லை. பறித்தவனைப் பத்து வருஷம் சிறையில் போடுவதால் இவற்றில் எந்த ஆபத்தும் குறையவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். போலீஸுக்குப் பயந்து அவன் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டான், அவ்வளவுதான் நடக்கும்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி அதற்கு அடுத்தது. கதவு திறக்கும்போது முதலில் உள்ளே போவது யார்? இந்த மூன்று கதைகளிலும் தண்டனை நீங்கியபோது ஏகபோகம் வேறு உடை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. மது டாஸ்மாக்குக்குப் போயிற்று. காளான் காப்புரிமைக்கும் ஆயிரம் டாலர் அறைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. நுளையர் பெண்ணும் மரமேறியும் சபினாவின் பேத்திகளும் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். வாய்க்கு மட்டும் அனுமதி கொடுத்துக் கைக்கு மறுக்கும் குற்றநீக்கம் பாதி வேலை. செய்தவர்கள், பறித்தவர்கள், அதன் பக்குவம் தெரிந்தவர்கள் பிழைக்க வழி இருக்கிறதா, பழைய வழக்குகள் நீங்கினவா என்பதையும் கேட்டால்தான் அது நம் அரசியல்.

6

உப்பு வரி 1947 ஏப்ரல் 1ஆம் தேதியோடு ஒழிந்தது. மரக்காணத்தில் சுமார் 3000 ஏக்கரில் இன்றும் உப்பு விளைகிறது. பெரியம்மா வாரிக் குவித்த உப்பு எத்தனை அம்பாரம் என்று கணக்கில்லை. ஒரு பாத்திகூட அவர் பெயரில் இல்லை. மழைக்காலம் வந்தால் வேலை நிற்கும். அந்த மாதங்களுக்கு அரசு கொடுக்கும் 5000 ரூபாய் நிவாரணமும் சில வருஷங்களாகத்தான் வருகிறது.

ஒரு சின்னச் சம்பவத்தோடு முடிக்கிறேன். முன்னெல்லாம் பெரியம்மா கூலியோடு கொஞ்சம் உப்பையும் வாங்கிக் கூடையில் சுமந்து உள்ளூர்களில் படிக்கணக்கில் விற்பார். நெல்லுக்கும் மாற்றுவார். 2006 மே 17 முதல் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பது நாடு முழுக்கத் தடை. கழுத்துக் கழலையைத் தடுக்க வந்த விதி அது, காரணம் நல்ல காரணம். ஆனால் அயோடின் சேர்க்கும் எந்திரம் கூடைக்காரியிடம் கிடையாது, ஆலைக்காரனிடம்தான் உண்டு. அரசாங்கம் நினைத்திருந்தால் அதை ஊர்ப் பொதுவில் வைத்திருக்கலாம். பெரியம்மா கூடையைப் பரணில் போட்டார்.

கேரளத்துத் தீர்ப்பை நான் படித்து முடித்த அன்று சாயங்காலம் அவர் மறுபடி கேட்டார்:

“அப்ப அந்தக் காளான இனி பறிக்கலாங்கறியா?”

“பறிச்சா பெரிய கேசு இல்லன்னு அந்தக் கோர்ட்டு சொல்லுது பெரிம்மா.”

“விக்கலாமா?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: “அது மட்டும் கூடாதும்பான், பாரு.”